சந்தனம் வைத்த கேமரா

ஏணிமேல் நிற்கும்போது எனக்குக் கிடைக்கும் மரியாதை, கீழே இறங்கியதும் போய்விடும். கள்ளக்குறிச்சியில் சிசிடிவி கேமரா மாட்டுவது என் தொழில். சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர்கள் அண்ணாந்து பார்த்து, சார் காபி சாப்பிடுகிறீர்களா என்பார்கள். ஒரு மாதம் கழித்துப் படம் தெரியவில்லை என்று போன் செய்யும்போது அந்த 'சார்' காணாமல் போய் 'யோவ்' வந்திருக்கும். இரண்டுக்கும் பழகியவன்தான் நான். ஆனால் ஊரே சேர்ந்து ஒரே வாரத்தில் 'யோவ்' போட்டது அந்த வருஷம்தான்.

காரணம் ஒரு சின்ன வெள்ளைக் கேமரா. உருண்டைத் தலை, வலமும் இடமும் திரும்பும். நாம் போனில் பேசினால் அதன் வழியாக அங்கே கேட்கும். விலை கம்மி என்பதால் பார்த்தவர்கள் தலையில் எல்லாம் அதைக் கட்டியிருந்தேன். மரவள்ளி அரைக்கும் மில், கோழிப்பண்ணை, துணிக்கடை, சொந்தக்காரர்கள் என்று யாரையும் விடவில்லை. அந்தக் கேமராவின் படம் நேராக நம் போனுக்கு வராது. எங்கோ வெளிநாட்டில் இருக்கும் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டுத்தான் திரும்பி வரும். இதையும் நான் ஒரு பெருமையாகச் சொல்லித்தான் விற்றேன். உங்கள் வீட்டுப் படம் உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறது என்பேன். மில்லுக்காரர் அதைக் கேட்டு இன்னும் இரண்டு வாங்கினார்.

அந்தக் கம்பெனி திடீரென்று கடையை மூடிவிட்டது. இந்த மாதக் கடைசியோடு சேவை நிற்கிறது, இதுவரை தந்த ஆதரவுக்கு நன்றி என்று ஆப்பில் ஓர் அறிவிப்பு. கேமராக்களில் ஒரு பழுதும் இல்லை. கண் இருக்கிறது, காது இருக்கிறது, பார்த்ததைச் சொல்ல ஆள்தான் இல்லை. வாடிக்கையாளர்களின் வசவைக்கூடத் தாங்கிக்கொள்வேன். எனக்குக் கவலையெல்லாம் அக்கா வீட்டுக் கேமராதான்.

அக்காவுக்குத் தியாகதுருகத்தில் வீடு, வெள்ளிமலையில் வேலை. அங்கே ஒரு பள்ளி விடுதியில் சமையல் செய்கிறாள். காலையில் பஸ் ஏறி, கள்ளக்குறிச்சியில் மாறி, மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றிப் போகிறவள், பொழுது சாயத்தான் வீடு திரும்புவாள். மாமா அதே மலைக்கு ஜீப் ஓட்டியவர். வாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "ரைட்டு." வண்டியில் ஆள் ஏறி முடித்ததும் பின்னாலிருந்து வரும் அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டே வாழ்ந்தவர் என்பதால் அது மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டதோ என்னவோ. பசித்தாலும் ரைட்டு, போதும் என்றாலும் ரைட்டு, கோபம் வந்தாலும் ரைட்டுதான். ஏற்ற இறக்கத்தை வைத்து நாங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

நடுவில் கோலூன்றி நடக்க ஆரம்பித்திருந்தார். ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாதபோது குளியலறை வாசலில் விழுந்து, மகள் கல்லூரியிலிருந்து வரும்வரை ஈரத் தரையிலேயே கிடந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் அன்றோடு நடையை விட்டுவிட்டார். பிசியோதெரபிஸ்ட் வந்து நடந்தால்தான் கால் பழகும் என்று கெஞ்சிப் பார்த்தார், அக்கா திட்டிப் பார்த்தாள். அக்காவோ மகளோ தாங்கிப் பிடித்தால் ஒழிய மாமா கட்டிலை விட்டு இறங்குவதில்லை. அக்கா வேலையை விட்டுவிடத் தீர்மானித்திருந்தாள். அப்போது நான் ஆபத்பாந்தவனாகத் தோன்றி, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் இருந்த அலமாரித் தட்டில் இந்தக் கேமராவை வைத்தேன்.

விடுதிச் சமையற்கட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அக்கா உலை வைத்துவிட்டு அங்கே போய் நின்று மாமாவைப் பார்ப்பாள். மாத்திரை போட்டீர்களா என்று கேமரா வழியாகக் கேட்பாள். மாமா ரைட்டு என்பார். அந்த ஒரு ரைட்டை வைத்துத்தான் அவள் வேலை ஓடிக்கொண்டிருந்தது, குடும்பமும் ஓடிக்கொண்டிருந்தது.

அறிவிப்பைச் சொன்னதும் அவள் அலட்டிக்கொள்ளவில்லை. வேறு கேமரா வாங்கி மாட்டு என்றாள். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான். நான் சொற்பொழிவு ஆற்றினேன். புதுக் கம்பெனியும் நாளைக்குக் கடையை மூடினால் என்ன செய்வாய், நம் வீட்டைப் பார்க்க நாம் யாரிடமோ அனுமதி கேட்க வேண்டுமா, என்றெல்லாம் கை நீட்டிப் பேசினேன். கேமராவுக்குள் இருக்கும் கம்பெனியின் மென்பொருளை எடுத்துவிட்டு, பல நாட்டு ஆட்கள் சேர்ந்து எழுதி இலவசமாக விட்டிருக்கும் திறந்த மென்பொருளைப் போடப்போகிறேன், அப்புறம் படம் யார் வழியாகவும் போகாமல் நேராக உன் போனுக்கு வரும் என்றேன். உண்மையில் இணையத்தில் அரைமணி நேரம் ஒரு வீடியோ பார்த்திருந்தேன், அவ்வளவுதான். அக்கா வீட்டில் ஒன்றைச் செய்து காட்டிவிட்டால் ஊரில் விற்றதையெல்லாம் அதே மாதிரி மாற்றிக்கொடுத்து மறுபடி 'சார்' ஆகிவிடலாம் என்ற கணக்கும் உள்ளே ஓடியது.

கேமராவைக் கழற்றிப் பைக்குள் போட்டபோதுதான் அக்கா கேட்டாள்.

"இத்த எடுத்துக்கினு போயிட்டா, அதுவரைக்கும் அவர யாரு பாக்கறது?"

நான் கேமராவைப் பையிலிருந்து மறுபடி எடுக்கப் போனேன், அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"கேமரா வர்ற வரைக்கும் நீயே கேமராவா இரு. உன் தட்டுமுட்டெல்லாம் இங்கியே கொண்ணாந்து வெச்சிக்கோ."

இப்படியாகக் கடையைப் பாதி நேரம் பூட்டிப் போட்டுவிட்டு, லேப்டாப், சால்டரிங் கம்பி, திரும்பி வந்த பழைய கேமராக்கள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மாமாவின் கட்டிலருகே போய் உட்கார்ந்தேன். மத்தியானம் அக்கா தொட்டிக்குப் பக்கத்தில் நின்று எனக்குப் போன் செய்வாள். நான் போனை மாமா பக்கம் திருப்பிப் பிடிப்பேன். கொஞ்சம் கிட்டே காட்டு என்பாள். இவ்வளவு படித்துப் பத்துப் பேருக்கு வேலை கற்றுக்கொடுத்து, கடைசியில் எனக்குக் கிடைத்த பதவி இது.

வேலை நான் நினைத்தபடி இல்லை. கேமராவுக்கு மின்சாரம் கொடுத்ததும் உள்ளே முதலில் விழித்துக்கொண்டு, மற்றதையெல்லாம் எழுப்பிவிடும் சின்ன நிரல் ஒன்று உண்டு. பூட்லோடர் என்பார்கள். அதனிடம் பேசி, பழையதை எழுப்பாதே, புதியதை எடுத்துக்கொள் என்று சொன்னால் காரியம் முடிந்தது. இந்தக் கம்பெனிக்காரர்கள் அதற்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தார்கள். கடை மூடுகிறவன் சாவியையாவது கொடுத்துவிட்டுப் போகக்கூடாதா. நான் அந்த லேப்டாப் திரையைப் பார்த்து, அவர்கள் பரம்பரையையே திட்டித் தீர்த்தேன். மாமா ஒவ்வொரு வசவுக்கும் ரைட்டு போட்டார்.

பூட்டைத் தாண்ட ஒரு குறுக்கு வழியை, அந்தத் திறந்த மென்பொருளை எழுதியவர்களின் இணையக் குழுவில் சொல்லிக்கொடுத்தார்கள். மின்சாரம் வந்த மறுகணம், உள்ளே சர்க்யூட் பலகையில் இருக்கும் நினைவகச் சிப்பின் இரண்டு கம்பிக் கால்களை ஓர் ஊசியால் சேர்த்துத் தொட வேண்டும். பூட்லோடர் படிக்க வேண்டியதைப் படிக்க முடியாமல் தடுமாறி, கடவுச்சொல் கேட்காமலே நின்றுவிடும். கொஞ்சம் முந்தினால் கேமரா எழாது, பிந்தினால் பூட்டு விழுந்துவிடும். தப்பான காலைத் தொட்டால் கேமரா செத்தே போகும். செத்ததைச் செங்கல் என்கிறது அந்தக் குழு. முதலில் பழைய கேமராக்களில் பழகிப் பார்த்தேன். மாமாவின் ஜன்னலோரத்தில் செங்கற்கள் வரிசையாக ஏறின. சாயங்காலம் வீடு திரும்பும் அக்கா முதலில் மாமாவைப் பார்ப்பாள், பிறகு ஜன்னலைப் பார்ப்பாள். அப்படியே சமையற்கட்டுக்குப் போய்விடுவாள். திட்டியிருந்தாலே எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

சிக்கல் எங்கே என்றால், இதற்கு மூன்று கை வேண்டும். ஒன்று ஊசி பிடிக்க, ஒன்று விசைப்பலகை தட்ட, ஒன்று சுவிட்ச் போட. நான் தரையில் இழுத்து வைத்திருந்த சுவிட்ச் பெட்டியைக் கால் கட்டைவிரலால் போட்டுப் பார்த்து, நாற்காலியோடு சாய்ந்து விழுந்தேன். தரையில் கிடந்தபடி பார்த்தால் மாமா இடது கையை நீட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கைகொடுத்துத் தூக்கத்தான் நீட்டுகிறார் என்று பிடித்தேன். உதறிவிட்டார். அவர் கேட்டது சுவிட்ச் பெட்டியை.

அன்றிலிருந்து சுவிட்ச் அவருடையது. போடுங்க மாமா என்றால் போடுவார், நிறுத்துங்க என்றால் நிறுத்துவார். சலிக்கவே மாட்டார். அக்காவின் வளையலில் தொங்கிய ஊக்கு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு நான் சிப்பைக் குத்திக்கொண்டிருப்பேன். தோற்றால் அவர் ஒரு மாதிரி இழுத்து ரைட்டு என்பார், பரவாயில்லை விடு என்கிற மாதிரி. ஒருநாள் முற்பகலில், இனி அக்கா வீட்டுக் கேமராவிலேயே கைவைத்துவிடலாம் என்று துணிந்தேன். மாமா சுவிட்சைப் போட்டார், நான் ஊக்கை வைத்தேன். திரையில் ஓடிக்கொண்டிருந்த எழுத்தெல்லாம் நின்று, கடவுச்சொல் கேட்காமல் ஒரு கோடு மட்டும் மினுக்கியது. புது மென்பொருளை ஏற்றி முடித்து, லேப்டாப்பில் படம் வந்தது. கலரில், மாமாவின் முகம், கொஞ்சம் கோணலாக. கேமரா தொடங்கும்போது கம்பெனியின் இங்கிலீஷ் குரல் வருமே, அதையும் தூக்கிவிட்டு மாமாவின் ரைட்டைப் பதிவு செய்து போட்டேன். படத்தைப் பதிவு செய்ய முன்பெல்லாம் கம்பெனிக்குச் சந்தா கட்ட வேண்டும். இப்போது உள்ளே செருகிய மெமரி கார்டிலேயே சும்மா பதிவானது.

மறுநாள் ஆயுத பூஜை. அக்காவுக்கு விடுமுறை. தொழில் செய்யும் பொருளுக்கெல்லாம் பொட்டு வைக்க வேண்டாமா? சால்டரிங் கம்பி, லேப்டாப், ஊக்கு, சுவிட்ச் பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தேன். ஜெயித்துக்கொடுத்த கேமராவுக்கு மட்டும் தாராளமாகக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே வைத்தேன். பொரியும் கடலையும் தின்றுகொண்டே அதை அலமாரியில் ஏற்றிவிட்டு, நாளையிலிருந்து கடைக்குப் போகிறேன் என்று மூட்டை கட்டினேன். அவ்வளவு அவசரம் எனக்கு. மாமா டம்ளரைக் காட்டி ரைட்டு என்றார். டீ குடித்துவிட்டுப் போ என்று அர்த்தம். இன்னொரு நாள் பார்க்கலாம் மாமா என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

விஜயதசமி விடுமுறை முடிந்து வேலைக்குப் போன அன்றே அக்காவின் போன் வந்தது. படம் வெளுப்பாகத் தெரிகிறது என்றாள். என் போனில் பார்த்தேன். கலர் போய், எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. பட்டப்பகலில் கேமரா இரவு என்று நினைத்துக்கொண்டு இருட்டுக்கான விளக்கை எரியவிட்டிருக்கிறது. கடையில் உட்கார்ந்தபடியே ஏதேதோ அமைப்புகளை மாற்றினேன். அது இன்னும் வெளுத்தது. கொஞ்சம் பொறு, சரியாகிவிடும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவளும் பொறுத்துத்தான் பார்த்தாள். ஒரு மத்தியானம் தொட்டியடியில் நின்று பார்த்தபோது கட்டில் காலியாகத் தெரிந்திருக்கிறது. கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. கொதிக்கும் குழம்பை அப்படியே கூட வேலை செய்கிறவளிடம் விட்டுவிட்டு, கிடைத்த ஜீப்பைப் பிடித்து மலை இறங்கினாள். எனக்கும் போன் வந்து நானும் ஓடினேன். மாமா கட்டிலில்தான் இருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைப் போர்வை, நல்ல தூக்கம். அந்தச் சுண்ணாம்புப் படத்தில் ஆளும் படுக்கையும் ஒன்றாகிவிட்டிருந்தன. அக்கா வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது.

"என்னால முடியலடா. இந்த மாசத்தோட வேலைய வுட்டுடறேன்."

அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வேலை போனால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். புதுக் கேமரா வாங்கியிருந்தால் இவள் இன்று குழம்பு தாளித்துக்கொண்டிருப்பாள். என் பெருமைக்காக அவளை மலையிலிருந்து இறக்கிவிட்டேன்.

மறுபடி மூட்டையோடு கட்டிலருகே வந்தேன். மாமா சுவிட்ச் பெட்டியைத் தானே இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். இணையக் குழுவில் என் பிரச்சினையை நீட்டி முழக்கி எழுதினேன். எங்கெங்கோ இருப்பவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு எனக்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஒருவர் நிரலில் ஒரு பகுதியையே எனக்கென்று திருத்தி எழுதி அனுப்பினார். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் ஒருவர், கேமராவின் முகத்தைப் படம் எடுத்துப் போடு என்றார். போட்டேன். சற்று நேரத்தில் பதில் வந்தது. லென்ஸுக்குக் கீழே மஞ்சளாக அப்பியிருக்கிறதே, நடுவில் சிவப்பாக, அது கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வந்ததா என்று மிகப் பணிவாகக் கேட்டிருந்தார்.

லென்ஸுக்குக் கீழே குண்டூசித் தலையளவு ஒரு துளை உண்டு. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று கேமரா அதன் வழியாகத்தான் தெரிந்துகொள்ளும். இத்தனை கேமரா மாட்டியவனுக்கு இது தெரியாதா? தெரியும். அதன் மேலேதான் சந்தனத்தை அப்பி, குறி பார்த்துக் குங்குமம் வைத்திருக்கிறேன். வேட்டி நுனியால் துடைத்தேன். கேமராவுக்குள் டிக் என்று ஒரு சத்தம். படம் கலருக்கு வந்தது.

நான் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு அசடு வழிய நின்றேன். மாமா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், பிறகு கேமராவைப் பார்த்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வாதம் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பாதி வாய்தான் சிரித்தது, ஆனால் கட்டில் ஆடியது. குழுவுக்கும் ஆயுத பூஜை பற்றி விளக்கம் எழுத வேண்டியிருந்தது. அவர்களுடைய உதவிப் பக்கத்தில் இப்போது ஒரு வரி சேர்ந்திருக்கிறது: பகலில் இரவு முறை வந்தால், முதலில் கேமராவின் முகத்தில் பூஜைப் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கவும். உலக அறிவுக்கு என் பங்களிப்பு.

அக்கா வேலையில் நீடித்தாள். நான் கடைக்குத் திரும்பினேன். ஊர்க் கேமராக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றிக்கொண்டிருந்தேன். மில்லுக்காரர் மறுபடி சார் போட்டார்.

சில நாள் கழித்து, மத்தியான வேளையில், அக்கா வீட்டுப் படம் மறுபடி வெளுத்தது. போய்ப் பார்த்தால் அதே துளையில் சந்தனம். துடைத்தேன். வந்ததற்கு மாமாவோடு ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன். அக்காதான் வெள்ளிக்கிழமைப் பூஜையில் வைத்திருப்பாள் என்று அவளைக் கடிந்துகொண்டேன். நான் ஏன்டா வைக்கப்போகிறேன் என்று அவள் என்மேல் பாய்ந்தாள். காலையில் மாமாவைக் குளிப்பாட்டி, அவர் நெற்றிக்கு வைத்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தைக் கட்டிலோரம் இருக்கும் ஸ்டூலில் வைப்பாளாம். அலமாரிப் பக்கமே போவதில்லையாம். அடுத்த வாரம் இன்னொரு தரம் வெளுத்தது. இந்த முறை துடைத்த கையோடு மெமரி கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டேன். மாமா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பதிவில் முதலில் வெறும் அறை. மாமா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். இடது கைக் கட்டைவிரலைக் கிண்ணத்தில் விட்டு எடுக்கிறார். காலைத் தரையில் வைக்கிறார். கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கிறார். நான் தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டிவிட்டேன், எப்போதோ நடந்து முடிந்ததைப் பார்க்கிறோம் என்பதையே மறந்து. விரலில் இருக்கும் சந்தனம் அழியாமல், முழங்கையைச் சுவரில் ஊன்றி ஊன்றி, வலது காலை இழுத்துக்கொண்டு வருகிறார். நடுவில் நின்று இளைப்பாறுகிறார். மறுபடி வருகிறார். முகம் பெரிதாகிப் பெரிதாகித் திரை முழுக்க அடைத்துக்கொள்கிறது. கட்டைவிரல் வருகிறது. படம் வெளுக்கிறது. வெளுப்புக்குள்ளிருந்து குரல் மட்டும் கேட்கிறது, "ரைட்டு."

கேமரா சரியானால் அவரைப் பார்த்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன். கேமரா தன்னைப் பார்க்கிறதா இல்லையா என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. பக்கத்தில் ஆள் வேண்டியிருந்தது. என்னை வரவழைக்க வழி எது என்று நானேதான் அவருக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். அன்று கடைக்குப் போகவில்லை. சுவிட்ச் பெட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தேன். திரும்பிப் படுத்திருந்தவர் மெல்ல இந்தப் பக்கம் திரும்பினார்.

சாயங்காலம் அக்கா வந்ததும் லேப்டாப்பை அவள் முன்னால் வைத்தேன். விழுந்திருந்தால் என்ன ஆவது என்று கத்துவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். பையைத் தோளிலிருந்து இறக்காமலே பார்த்தாள். திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமாவைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்.

"கேமராவ இன்னும் கொஞ்சம் தள்ளி மாட்டுடா. நடுவுல புடிச்சிக்க ஒரு சேர் போட்டு வெய்யி."